வில் தளர்ந்த வண்டி

வண்டி வாங்குவோர் முன்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் வண்டியின் உண்மையான வயதைச் சொல்வது பின்பக்கமே. முகத்துக்குப் புது வர்ணம் பூசலாம், விளக்குகளை மினுக்கலாம், இருக்கைகளுக்குப் புதுத் தோல் தைக்கலாம். பாரம் சுமந்து சுமந்து தளர்ந்துபோன பின்புற வில்லை மாத்திரம் எந்தப் பூச்சினாலும் மறைக்க முடியாது. களைத்த மாடு முன்காலை ஊன்றிப் பின்காலில் குந்துவதுபோல, முதுமை எய்திய வண்டியும் பின்பக்கம் குந்தி நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் என் வீட்டு வாசலில் அப்படிக் குந்தி நின்றது ஒரு லாண்ட் ரோவர். என் மைத்துனர் விட்டுச்சென்ற உடைமைகளுள் அதுவே பெரியது. வன்னியில் வயல் செய்தவர் அவர். நெல் மூடை, உரமூடை, தண்ணீர்ப் பீப்பாய், சில வேளைகளில் நோயாளி, ஒருமுறை ஈன்ற பசுவும் கன்றும் என எல்லாவற்றையும் அதிலே ஏற்றினார். தமக்கென்று அவர் வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்த வண்டிதான் என்று என் மனைவி சொல்லுவாள். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில், ஆட்டைத் திவசத்துக்கு அந்த வண்டியிலேயே அவருடைய ஊருக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

“அண்ணையின்ர வாகனம் ஒருக்காலாவது அண்ணையின்ர வீட்டு வாசல்ல போய் நிக்க வேணும்” என்றாள்.

கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு இருநூற்றைம்பது கிலோமீற்றர். அதற்கப்பால் குளக்கட்டு வழியாக மண்பாதை. ஏறுவோர் ஆறு பேர். அவர்களோடு சமையற் பாத்திரங்களும் ஓர் அரிசி மூடையும். வண்டியோ வெறுமையாக நிற்கும்போதே வலப்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்து நின்றது. இரவில் ஓட்டினால் அதன் விளக்கொளி வீதியில் விழுவதில்லை; மரக்கிளைகளில் விழுந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும் அல்லவா? எதிரே வந்த லொறிக்காரர்கள் விளக்கை அணைத்து ஏற்றி என்னைத் திட்டியதன் காரணம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றை வாசகர்களிடம் ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் நான் அதனை ஒரு கராஜில் விட்டேன். எந்தக் கராஜ் என்பது இங்கு வேண்டாம். அரை நாளில் வேலை முடிந்தது. ‘ஷொக் அப்சோபர்’ நான்கையும் மாற்றி, வலப்பக்கத்து வில்லில் மேலதிகமாக ஒரு பட்டையைச் சொருகி, “இனி யோசிக்க வேண்டாம்” என்றார்கள். வண்டி நிமிர்ந்து நின்றது. மூன்று வாரத்தில் மறுபடியும் குந்தியது.

அதன் பின்னரே ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையிலிருந்த பட்டறைக்குப் போனேன். புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை கேட்கும் தூரம். தகரக் கூரையின் கீழ் ஒரு பட்டடைக் கல், ஒரு பெரிய வைஸ், எண்ணெய் ஊறிக் கறுத்த சீமெந்துத் தரை, இவ்வளவுதான் அங்கிருந்தவை. அதன் உடைமையாளரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைத்தனர். ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொல் அது. கைத்தொழில் வல்லவனுக்கு இந்நாட்டில் இன்றும் அதுவே பட்டம். எழுபதை நெருங்கிய மனிதர். தந்தையும் பாட்டனும் இரும்படித்தவர்கள்.

நான் ஒரு காலத்து ஆசிரியன் என்பது தெரிந்ததும் என்னை ‘மாஸ்டர்’ ஆக்கிவிட்டார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஏறி உட்காரவுமில்லை, இயந்திரத்தை முடுக்கச் சொல்லவுமில்லை.

“மாஸ்டர், ஷொக் அப்சோபர் எதுக்கு மாத்தினீங்க?”

“வண்டி குந்தினதாலதான்.”

“அது பாரம் தாங்குற சாமான் இல்லையே. ஆட்டத்தை அடக்குற சாமான். ஊஞ்சல் கயிறு இத்துப் போனா, ஆட்டுற ஆளை மாத்தி என்ன பிரயோசனம்?”

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு ஒரு நிமிடத்தில் பாடம் நடந்து முடிந்தது.

நம்முடைய மொழியிலே ‘வில்வண்டி’ என்றொரு அழகான சொல் உண்டு. அச்சுக்கும் வண்டிப் பெட்டிக்கும் இடையே வளைந்த இரும்புப் பட்டைகளை வைத்து, அதிர்ச்சியை அவை விழுங்கும்படி செய்த மாட்டுவண்டிக்கு அந்தப் பெயர். சிங்கள மக்கள் இந்தப் பட்டையைத் ‘துனு கொள’ என்பர். துன்ன என்றால் வில், கொள என்றால் இலை. ஆங்கிலேயரும் அதனை இலை என்றே சொல்லுகிறார்கள். மாட்டுவண்டிக்கு வேண்டியிருந்த அதே பொருள், சிறிதும் குலம் மாறாமல், லாண்ட் ரோவரின் அடியிலும் இருக்கிறது.

லாண்ட் ரோவரின் பிறப்பு ஒரு வறுமைக் காலத்துக் கதை. இரண்டாவது உலகப் போரில் அமெரிக்காவின் ‘ஜீப்’ உலகம் முழுவதும் ஓடியது. 1944-இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது நம் மலைநாட்டு வீதிகளும் அதனைக் கண்டன. போர் முடிந்தபின், ரோவர் கம்பனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அது தேய்ந்தால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே லாண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அதனை முதன்முதல் உலகுக்குக் காட்டினார்கள். அப்போது பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகையால் மேலுடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். மேலுடல் துருப்பிடிக்காது. ஆனால் அடிச்சட்டமும் வில்லும் உருக்கே. கொழும்புத் துறைமுகத்து உப்புக்காற்று மேலே ஒன்றும் செய்ய இயலாமல், தன் கோபத்தையெல்லாம் அடியிலே காட்டுகிறது.

எங்களுடையது 1961 முதல் 1971 வரை உற்பத்தியான ‘சீரிஸ் டூ ஏ’ வகை. அச்சுக்கு அச்சு 88 அங்குலம். பின்னாளில் வந்த வண்டிகளில் சுருள்வில் புகுந்தது. 1970-இன் ரேஞ்ச் ரோவருக்கும், 1983-இல் வந்த ‘வன் டென்’ லாண்ட் ரோவருக்கும் அதுவே. பழையவை பட்டைவில்லோடு பிறந்தன. அதனோடேயே முதுமையும் அடைகின்றன.

ஏன் பழையதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியாரின் மோட்டார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இந்நாட்டு மக்கள் பழுதுபார்க்கும் கலையை மறுபடியும் கற்றனர். பஞ்சிகாவத்தைக் கடைகளிலே பழைய உதிரிப்பாகங்களுக்கு ஏற்பட்ட மதிப்பைக் கண்டவர்கள் அதனை அறிவர். மேற்கு வங்காளத்து டார்ஜிலிங் மலைப்பகுதியில் மானேபஞ்சாங் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்து 3,636 மீற்றர் உயரமுள்ள சண்டக்பூ உச்சிக்கு ஏறும் கற்பாதையில், 1950-களில் செய்த லாண்ட் ரோவர்களைப் பல பதிற்றாண்டுகளாகப் பயணிகளுக்காக ஓட்டினார்கள். வறுமையும் பிடிவாதமும் சேர்ந்தால் இரும்புக்கு ஆயுள் நீளும்.

நிற்க. பாஸ் முதலில் செய்தது அளவெடுப்பு. நான்கு ரயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடைவெளியை இருபக்கமும் நாடாவினால் அளந்தார். கண்ணுக்குத் தெரிகிற சாய்வு ரயரிலோ தரையிலோ இருக்கலாம். இந்த இடைவெளி பொய் சொல்லாது. பிறகு வில்லைத் தாங்கும் கொளுவிகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, துரு அரித்திருக்கிறதா என்று காதினால் பரீட்சித்தார். அவை அரித்திருந்தால் எத்தனை நல்ல வில்லைப் பூட்டியும் பயனில்லை.

அப்போது ஒரு நுட்பத்தைச் சொன்னார். வலப்பக்க ஓட்டமுள்ள இந்த வண்டியில் சாரதியும் வலப்பக்கம். பெற்றோல் தாங்கியும் அவருடைய இருக்கையின் கீழ், வலப்பக்கம். ஆகையால் தொழிற்சாலையிலேயே வலப்பக்கத்து வில்லுக்கு வளைவு சற்று அதிகமாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். கவனமற்றவன் மாற்றிப் பூட்டினால் வண்டி பிறவி நொண்டியாகும்.

கழற்றும் வேலை முழுநாளை விழுங்கியது. அடிச்சட்டத்தை ஜக்கினால் உயர்த்தி, முட்டுக்கட்டைகளில் இருத்தி, அச்சைத் தனியே தாங்கிப் பிடித்தார்கள். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே எவரும் தலையை நீட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். முதல்நாள் இரவே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தும், ‘ஷக்கிள்’ ஆணிகள் புஷ்ஷோடு துருவால் ஒட்டி, அசைய மறுத்தன. ஈற்றில் அறுத்தே எடுக்கவேண்டியதாயிற்று.

வில்லை வைஸில் இறுக்கிய பின்னரே நடு ஆணியைத் தளர்த்தினார். அடக்கிவைத்த பட்டைகள் விடுபட்டால் ஆளை அடிக்கும். ஒவ்வொன்றாக அவை பிரிந்தன. பட்டைகளுக்கிடையே செந்துரு. கீழ்ப்பட்டையின் நுனி மேற்பட்டையில் உராய்ந்து உராய்ந்து பள்ளம் கீறியிருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே, தடித்து நேராய், ஏதோ லொறிக்குரிய பட்டையொன்று. நான் காசு கொடுத்துச் சொருகுவித்தது அதுதான். அதற்கு மேலே இருந்த இரண்டாம் பட்டை, இறுக்குத் தகட்டின் கீழே மறைந்து, இரண்டாக முறிந்து கிடந்தது. முறிந்த பட்டையை எவரும் பாராமலே புதியதைச் சொருகியிருக்கிறார்கள்.

“மாஸ்டர், வெண்கட்டி இருக்கா?”

ஓய்வு பெற்று வருடங்கள் கழிந்தும், சட்டைப்பையில் ஒரு துண்டு வெண்கட்டி வைத்திருக்கும் பழக்கம் என்னை விடவில்லை. கொடுத்தேன். முதலாவதான மெயின் பட்டையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, உலரத் துடைத்தார். அதன்மேல் வெண்கட்டியை அழுத்திப் பூசினார். பட்டை வெள்ளையாயிற்று. சுத்தியலால் இரண்டு தட்டு. நடு ஆணித் துவாரத்தின் ஓரத்திலிருந்து, வெண்மையின் நடுவே, மயிரிழை போன்றொரு கருங்கோடு மெல்ல ஊறி வெளிப்பட்டது. வெடிப்புக்குள்ளே புகுந்திருந்த எண்ணெய் வெண்கட்டியை நனைத்த கோடு அது.

நான் பேசவில்லை. வாழ்நாள் முழுவதும் வெண்கட்டியால் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். இத்தகைய ஒரு வரியை வாசித்ததில்லை. அச்சை அதன் இடத்தில் பிடித்துவைப்பதே மெயின் பட்டைதான். ஓடும்போது அது முறிந்தால் அச்சு ஒருபக்கம் பின்வாங்கும்; வண்டி தன் விருப்பத்துக்குத் திரும்பும். ஆறு பேரோடு, இரவில், தம்புள்ளைக்கு அப்பாலுள்ள நேர்வீதியில் அது நிகழ்ந்திருந்தால்?

“ஒட்டிப் போடலாமா?” என்றேன், அறியாமையால்.

“இதை ஒட்டக்கூடாது மாஸ்டர். வில் உருக்கு வேற சாதி. வெல்டிங் சூட்டுல பதம் போயிரும். ஒட்டின இடத்துக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி முறியும்.”

அதன்பின் அவர் சொன்னதையும், நான் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வில் தளர்ந்தது என்றால் அதன் பலம் குன்றிவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். அது தவறு. துருவால் மெலியாமலும் வெடிக்காமலும் இருக்குமானால், பழைய பட்டையை ஓர் அங்குலம் வளைக்க வேண்டிய பாரமும் புதியதை வளைக்க வேண்டிய பாரமும் ஏறக்குறைய ஒன்றே. பாரத்துக்குத் தக்க வளைவு என்ற விதியை ரொபேர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். உருக்கு முதுமையிலும் அந்த விதியை மீறுவதில்லை. அது இழப்பது பலத்தையன்று, வளைவை. அளவுக்கு மேற்பட்ட பாரம் ஒருமுறை அதனைத் தன் எல்லைக்கு அப்பால் வளைத்துவிட்டால், பாரம் இறங்கியபின்னும் அது பழைய நிலைக்கு முற்றாக மீள்வதில்லை. மயிலிறகானாலும் மிதமிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அச்சு முறியுமுன் வில் தாழ்ந்து எச்சரிக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

ஆகவே, தாழ்ந்த வில்லுக்குப் பட்டையைக் கூட்டுவது பொருத்தமான மருந்தாகாது. கூட்டினால் வண்டி உயரும், உண்மைதான். கூடவே வில் விறைக்கும். பட்டையின் தடிப்பு இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது கணக்கு. விறைத்த வில் அதிர்ச்சியை விழுங்காமல் அடிச்சட்டத்துக்கே கொடுத்துவிடும். அன்றியும் ஒரு வில்லின் பட்டைகள் வெவ்வேறு வளைவுடையவை. கீழே போகப்போக நீளம் குறைந்து வளைவு கூடும். சேர்த்து இறுக்கும்போதுதான் அவை ஒன்றையொன்று தழுவிப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அந்தக் குடும்பத்துக்குள்ளே உறவில்லாத ஒரு நேர்ப்பட்டை புகுந்தால், அது எவரோடும் ஒத்துப்போகாது. அது தொடுகிற இடத்தில் எல்லாப் பாரமும் குவியும்.

மருந்து மூன்று வகை. புதிய வில் இரண்டு வாங்கிப் பூட்டுவது ஒன்று. பட்டைகளைச் செந்நிறமாகக் காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடியும் மிதமான சூட்டில் பதமாற்றுவது இரண்டாவது. அதற்கு வெப்பத்தை அளக்கும் உலை வேண்டும். கண்மதிப்பில் செய்தால் ஒன்றில் மெழுகாகும், அன்றேல் கண்ணாடியாகும். மூன்றாவது, குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைவை மீட்பது. பாஸ் முதலையும் மூன்றையும் இணைத்தார். இருபக்கத்துக்கும் மெயின் பட்டையும் இரண்டாம் பட்டையும் புதியவை. பஞ்சிகாவத்தையில் அலைந்து நாங்கள் தேடிப்பிடித்தோம். வலப்பக்கம் மாத்திரம் போதாதா என்றேன். “ஒரு கால் புதுசு, ஒரு கால் பழசுன்னா நடக்க முடியுமா?” என்றார்.

மற்றப் பட்டைகளுக்கு, என் வெண்கட்டியால் சீமெந்துத் தரையில் வளைகோடுகள் வரைந்தார். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கோடு. பட்டையின் உட்புறம் மேலே நோக்க, இரண்டு இரும்புக் கட்டைகளின் இடைவெளியில் அதனைக் கிடத்தி, நுனியிலிருந்து தொடங்கி அங்குலம் அங்குலமாக அடித்தார். ஓங்கி அடிக்கவில்லை. நான்கு அடி, தரையில் வைத்துப் பார்ப்பு. மறுபடி நான்கு அடி. ஒரே அடியில் வளைத்தால் வளைவன்று, முடக்கு என்றார். உச்சிவேளைக்கு ஆலயமணி ஒலித்தபோது மூன்று பட்டைகளே முடிந்திருந்தன. மைத்துனர் எத்தனையோ வருடங்களாக ஏற்றிய பாரமெல்லாம் அந்தப் பட்டைகளிலே எழுதப்பட்டிருக்க, அதனை ஒருவர் பொறுமையோடு அழித்துக்கொண்டிருப்பதைப் போல எனக்குத் தோன்றிற்று.

துரு தேய்த்து, காரீயத்தூள் கலந்த கொழுப்புப் பூசி, புதிய நடு ஆணியிட்டு இறுக்கினார்கள். யூ வடிவ ஆணிகளும் புதியவை. ஒருமுறை இழுபட்டு நீண்டவை மறுமுறை பிடிக்கா. ஷக்கிள் ஆணிகளைப் பையன் முழுவதும் இறுக்கப் போனபோது பாஸ் கையைப் பிடித்தார்.

“பொறுடா. வண்டி நிலத்துல நிக்கட்டும்.”

புஷ்ஷின் உள்ளே றப்பர் இருக்கிறது. அச்சு தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நிலத்தில் இறங்கியதும் அந்த றப்பர் முறுக்குண்டே நிற்கும். சில மாதங்களிற் கிழியும். சக்கரங்களைப் பூட்டி, வண்டியை இறக்கி, எங்களிருவரையும் பின்னால் ஏற்றிக் குதிக்கவைத்து, அதன் பின்னரே இறுதி இறுக்கம் கொடுத்தார். அறுபத்தாறு வயதில் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் நான் குதித்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர்.

இடைவெளியை மறுபடி அளந்தார். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அரை அங்குலம் உயரமாக இருந்தது. நான் கேட்குமுன்னமே விடை வந்தது: “நீங்க ஏறி உக்காருங்க மாஸ்டர்.” உட்கார்ந்தேன். வண்டி சமமாயிற்று.

“ஐந்நூறு கிலோமீற்றர் ஓடினதும் கொண்டு வாங்க. ஆணியெல்லாம் இன்னொருக்கா இறுக்கணும். அடிச்சு வளைச்சது கொஞ்சம் இறங்கும். இறங்காட்டித்தான் சந்தேகம்.”

விடியுமுன் புறப்பட்டோம். விளக்கொளி மரக்கிளையை விட்டு வீதிக்கு வந்திருந்தது. ஒரு லொறிக்காரரும் என்னைத் திட்டவில்லை. ஆறு பேரும் அரிசி மூடையும் பாத்திரங்களும் ஏறியிருந்தும் குளக்கட்டு மண்பாதையில் அடி தட்டவில்லை. மைத்துனர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது, என் மனைவி இறங்கவில்லை. சிறிது நேரம் அப்படியே இருந்தாள். பிறகு இறங்கி, பின்புறத்துக்குச் சென்று பார்த்தாள்.

“அண்ணை புதுசா வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் நிமிந்து நிண்டது” என்றாள்.

திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போனேன். யூ ஆணிகள் கால்சுற்று இறுகின. நாடாவை வைத்துப் பார்த்தார்; இருபக்கமும் கால் அங்குலம் இறங்கியிருந்தது. பாஸுக்கு மகிழ்ச்சி. கழற்றியெறிந்த பழைய மெயின் பட்டை மூலையிற் கிடந்தது. வெண்கட்டிப் பூச்சும் அந்தக் கருங்கோடும் அதில் இன்னும் அழியவில்லை. அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். இப்போது அது என் மேசையின் அருகே சுவரிற் சாய்ந்து நிற்கிறது. எந்த வேலையையும் அரை நாளில் முடித்துத் தருவதாக எவரேனும் சொன்னால், நான் அதைத் திரும்பிப் பார்க்கிறேன்.